கத்தரிக்காயும் தக்காளியும்: நீரிழிவோடு வாழ்ந்த ஓர் ஓவியரின் வண்ணங்கள்

மருத்துவமனைக் கட்டிலை ஒட்டிய சிறு மேசையில் ஒரு தண்ணீர்க் குவளையும் உறவினர் வாங்கி வந்த இரண்டு பழங்களும் இருக்கும். நாள் முழுவதும் அவை கண்முன்னே இருந்தும் நாம் அவற்றைக் கூர்ந்து நோக்குவதில்லை. இத்தகைய அசையாப் பொருள்களையே கருப்பொருளாகக் கொள்ளும் ஓவிய வகை ஒன்று உண்டு. அவ்வகையில் ஒளிமிக்க நீர்வண்ண ஓவியங்களைப் படைத்த அமெரிக்கர் சார்லஸ் டெமுத் நீண்டகால நோயாளியும் ஆவார். ஆகவே அவரை இவ்விதழில் அறிமுகம் செய்கிறோம்.

டெமுத் 1883-ஆம் ஆண்டு பென்சில்வேனியா மாநிலத்தின் லங்காஸ்டர் நகரில் பிறந்தார். சிறு வயதிலேயே இடுப்பு பாதிக்கப்பட்டதால் கைத்தடியின் துணையோடு நடந்தார். பின்னர் நீரிழிவு நோய்க்கும் ஆளானார். அக்காலத்தில் அந்நோய்க்கு மருந்தில்லை. மாரிஸ்டவுன் நகரில் மருத்துவர் ஃபிரெடரிக் ஆலன் நடத்திய நிலையத்தில், உணவைக் கடுமையாகக் குறைத்து உயிரை நீட்டிக்கும் முறை பின்பற்றப்பட்டது. அங்கே சேர்ந்த டெமுத்தின் உடல் மிகவும் மெலிந்தது. 1921-இல் டொரன்டோ நகரில் இன்சுலின் கண்டறியப்பட்டது. மறு ஆண்டே அது நோயாளிகளுக்குச் செலுத்தப்பட்டது. அமெரிக்காவில் அம்மருந்தை முதன்முதலில் பெற்றவர்களுள் டெமுத்தும் ஒருவர். அதன் பயனாக மேலும் பத்தாண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, 1935-இல் தமது 51-ஆம் வயதில் மறைந்தார்.

அந்த ஆண்டுகளில் அவர் லங்காஸ்டரில் தம் தாயாருடன் வாழ்ந்தார். வீட்டின் பின்புறம் தாயார் வளர்த்த தோட்டம் அவருடைய வேலை அறையின் சன்னலிலிருந்து தெரியும். அத்தோட்டத்து மலர்களும், சமையலறைக்கு வரும் காய்கனிகளும் அவருக்குப் போதுமானவையாக இருந்தன. 1926-இல் அவர் வரைந்த ‘கத்தரிக்காய்களும் தக்காளிகளும்’ அவ்வாறு பிறந்ததே. உணவை அளந்து உண்ண வேண்டிய ஒருவர், உணவுப் பொருள்களை இத்துணை நிறைவோடு நோக்கினார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

அவருடைய ஓவியங்களின் ஒளி எங்கிருந்து வருகிறது? நீர்வண்ணம் ஒளி ஊடுருவக்கூடியது. வண்ணத்தின் ஊடே சென்ற வெளிச்சம் அடியிலுள்ள வெண்தாளில் பட்டுத் திரும்புகிறது. ஆகவே வெள்ளையைப் பூச வேண்டியதில்லை. தாளை அப்படியே விட்டுவிட்டாலே போதும். டெமுத் இதனை நன்குணர்ந்தவர். முதலில் பென்சிலால் மெல்லிய கோடுகள் இடுவார். வண்ணம் தீட்டிய பின்னும் அவற்றை மறைக்கமாட்டார். ஈரமான வண்ணத்தின்மீது ஒற்றுத்தாளை வைத்து எடுத்து, பழத்தோலின் பொலிவைக் கொண்டுவருவார். தாளின் பெரும்பகுதியைப் பல ஓவியங்களில் வெறுமையாகவே விட்டார். எனினும் அவை குறைபட்டனவாகத் தோன்றுவதில்லை. சிவந்த பழத்தைச் சுற்றியுள்ள வெண்மையே அதன் சிவப்பை மேலும் ஒளிரச் செய்கிறது.

உடல் தளர்ந்திருப்போர் இதிலிருந்து பெறத்தக்கது ஒன்றுண்டு. தாள் முழுவதையும் நிரப்ப வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. பத்து நிமிடம் வலிமை இருந்தால், பத்து நிமிடத்திற்குரிய ஓவியம் போதும்.

முயன்று பார்க்க விரும்புவோருக்குச் சில குறிப்புகள்: சிறிய வண்ணப்பெட்டி, ஒரு தூரிகை, தடித்த தாள், ஒரு கிண்ணம் நீர், துடைக்கப் பழந்துணி ஆகியவை போதும். ஒரே ஒரு பழத்தைச் சன்னல் வெளிச்சத்தில் வையுங்கள். அதன்மீது ஒளி பளிச்சிடும் இடத்தைக் கண்டறிந்து, அவ்விடத்தில் வண்ணம் படாமல் விடுங்கள். வெளிர் நிறத்தை முதலில் தீட்டி, அது உலர்ந்த பின் அடர் நிறத்தைத் தீட்டுங்கள். உலருமுன் தீட்டினால் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து ஓடும். அதுவும் சில வேளைகளில் அழகாகவே அமையும்.

நரம்புவழி மருந்து ஏறும் கையால் வரைதல் வேண்டா. கண் அறுவை செய்துகொண்டோர் மருத்துவரின் ஒப்புதல் பெற்ற பின்னரே தொடங்க வேண்டும். வரைந்த பழத்தை உண்ணலாமா என்பதை உணவு ஆலோசகரிடம் கேட்டறியுங்கள். வரைய இயலாதவர் அருகே உடனிருப்பவர் அமர்ந்து வரையலாம். எந்த இடத்தில் எந்த நிறம் தெரிகிறது என்று நோயாளி சொல்லட்டும். நலம் பற்றிய கேள்விகளே நிறைந்த ஒரு நாளில், இருவருக்கும் பேச வேறொன்று கிடைக்கும்.

ஓவியம் மருந்துக்கு மாற்று அன்று. டெமுத்தைப் பிழைக்க வைத்தது இன்சுலின். அவ்வாறு கிடைத்த நாள்களை அவர் வண்ணங்களால் நிரப்பினார். மருந்தை வேளை தவறாமல் உட்கொள்ளுங்கள். எஞ்சிய நேரத்தில், மேசைமீதுள்ள பழத்தைச் சற்றுக் கூர்ந்து நோக்குங்கள்.