பாவு ஏறும் முன்பே கேட்கணும்... விமான நிலையத்துக்கும் இதுதான் பாடம்!

முசரவாக்கத்தில் ஒரு வீட்டில் கல்யாணம் என்று வைத்துக்கொள்வோம். காஞ்சிபுரத்தில் முகூர்த்தப் புடவைக்கு ஆர்டர் கொடுக்கிறார்கள். உடல் அரக்கு, கரை பச்சை, நடுவில் கோர்வை. அனுபவமுள்ள நெசவாளர் உடனே தறியில் உட்கார்ந்துவிட மாட்டார். அந்தப் பச்சையைச் சாயக்காரர் நாளுக்குள் தருவாரா, கேட்ட ஜரிகை கிடைக்குமா என்று முதலில் விசாரிப்பார். பாவு ஏறிய பிறகு ஜரிகை இல்லை என்றால், தறி சும்மா கிடக்கும்.

பாலம், மெட்ரோ, விமான நிலையம் என்று வரும்போது இந்த வரிசை பெரும்பாலும் தலைகீழாகிவிடுகிறது. முதலில் வரைபடம், பிறகு டெண்டர், குறைந்த விலை சொன்னவருக்கு வேலை. இரும்புச் சட்டம் செய்பவரும் லிஃப்ட் மாட்டுபவரும் கடைசியில்தான் வருகிறார்கள். 'இதைப் பொருத்தவே முடியாதே' என்று அவர்கள் சொல்லும்போது கான்கிரீட் காய்ந்திருக்கும். இடித்துக் கட்டுவது நம் வரிப்பணத்தில்!

லண்டன் காட்டிய வழி

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தின் 5-வது முனையத்தில் இதை மாற்றிப் பார்த்தார்கள். முக்கிய சப்ளையர்களை வடிவமைப்பின்போதே ஒரே குழுவாக உட்கார வைத்தார்கள். நஷ்ட அபாயத்தை விமான நிலைய நிறுவனமே ஏற்றது. அதனால், பழியை அடுத்தவர்மேல் போடும் அவசியம் குறைந்தது.

பெரிய சவால், கூரை. பக்கத்தில் விமானங்கள் பறப்பதால் உயரமான கிரேன்களுக்குக் கட்டுப்பாடு. எனவே கூரையைக் கீழேயே கோத்து, மேலே தூக்க வேண்டும். இரும்பு வேலை செய்த நிறுவனம், அதன் ஒரு பகுதியை யார்க்‌ஷயரில் உள்ள தன் இடத்திலேயே முன்கூட்டிப் பொருத்திப் பார்த்தது. சுமார் 140 பாடங்கள் கிடைத்தன. கட்டுமான இடத்தில் ஏறக்குறைய 3 மாதம் மிச்சம்!

ஆனால், 2008 மார்ச் 27-ல் முனையம் திறந்த அன்றே 34 விமானங்கள் ரத்து. பயணிகளின் பெட்டிகள் மலையாகக் குவிந்தன. ஊழியர்களுக்குப் போதிய பயிற்சி இல்லை, சோதனை ஓட்டமும் போதவில்லை. கட்டுபவரைக் கேட்டால் மட்டும் போதாது, அதை நாளை இயக்கப்போகிறவரையும் முன்பே கேட்க வேண்டும்.

வேண்டியவருக்கே வேலை போகாதா?

நியாயமான பயம்தான். தமிழ்நாட்டில் 1998-ம் ஆண்டு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருப்பதும் அதற்காகத்தான். எல்லா சப்ளையர்களையும் வெளிப்படையாக அழைத்து, பேசியதைப் பதிவு செய்து, பிறகு டெண்டர் விடலாம். குறைந்த விலையை மட்டுமே பார்க்கத் தேவையில்லை என்று மத்திய நிதி அமைச்சகமும் 2021-ல் வழி திறந்தது. குறிப்பிட்ட பணிகளில் தரத்துக்கு 30 சதவிகிதம் வரை மதிப்பெண் தரலாம்.

சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்கான இடமாக 2022-ல் அறிவிக்கப்பட்ட பரந்தூர், இதே காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. நிலம் கொடுக்க மறுத்து ஏகனாபுரம் மக்கள் அந்த ஆண்டிலேயே போராட்டத்தில் இறங்கினார்கள். அங்கே முதலில் கேட்கப்பட வேண்டியவர்கள், சப்ளையர்களுக்கும் முன்னால், அந்த ஊர்க்காரர்கள்தான்.

ஒரு புடவைக்கே இத்தனை பேரைக் கேட்கிறோம். பல்லாயிரம் கோடி ரூபாய் வேலைக்குக் கேட்க வேண்டாமா?