கூட்டத்துக்குள் ஓடும் கரகம்

பெங்களூரு கரகம் சைத்ர மாதப் பௌர்ணமி நள்ளிரவுக்குப் பின், பழைய பேட்டைப் பகுதியின் தர்மராய சுவாமி கோயிலிலிருந்து புறப்படுகிறது. விழா எடுப்பவர்கள், தமிழ் வேர் கொண்ட தோட்டக்காரச் சமூகமான திகளர்கள். திரௌபதியாகப் புடவையும் வளையலும் அணிந்த பூசாரி, மல்லிகைச் சரத்தால் கூம்பாக மூடிய கரகத்தைக் கை படாமல் தலையில் தாங்கி வருவார். உருவிய வாளுடன் வீரகுமாரர்கள் “கோவிந்தா” என முழங்கி அவரைச் சூழ்ந்து ஓடுவார்கள். காட்டன்பேட்டை தவக்கல் மஸ்தான் தர்காவுக்கும் போய்வந்து, விடியலில் கோயில் சேர்வது மரபு.

இந்த விழாவில் மாற்ற முடியாதவை சிலவே: பௌர்ணமி, கரகம், அதைச் சுமப்பவரின் விரதம், வழியில் நிற்கும் இடங்கள். மற்றவை முன்பே மாறியிருக்கின்றன. சம்பங்கி ஏரி தூர்ந்து கண்டீரவா விளையாட்டரங்கம் எழுந்தபோதும், கரகச் சடங்குக்கென ஒரு சிறு குளம் விட்டுவைக்கப்பட்டது. கொரோனா பரவிய 2020, 2021 ஆண்டுகளில் நகர ஊர்வலம் இல்லை. 2022 ஏப்ரலில் கரகம் மீண்டும் வீதிக்கு வந்தது.

இன்றைய ஆபத்து நெரிசல். ஒரு சதுர மீட்டரில் ஐந்து பேருக்கு மேல் நெருங்கினால் நிற்பதும் நகர்வதும் அவரவர் வசத்தில் இருக்காது; பின்னால் எழும் தள்ளல் முன்னால் இருப்பவரின் நெஞ்சை அழுத்தும். பெரும்பாலும் மிதிபட்டல்ல, மூச்சு முட்டியே உயிர் போகிறது. 2025 ஜூன் 4 அன்று இதே நகரின் சின்னசாமி மைதான வாசல்களில் நெரிசலில் சிக்கி 11 பேர் இறந்தார்கள். பேட்டைச் சந்துகளும் குறுகலானவை. அங்கே கரகத்தோடு ஓடும் கூட்டமும் அதைக் காண நிற்கும் கூட்டமும் நேருக்கு நேர் முட்டுகின்றன.

ஆகவே இருபுறமும் தடுப்பு கட்டி அடைப்பதைவிட, பக்கச் சந்துகளைத் திறந்து வைப்பதே முக்கியம். நிறுத்திய இருசக்கர வாகனங்களை அந்தியிலேயே அகற்ற வேண்டும். தாழ்ந்து தொங்கும் கம்பிகளை முன்கூட்டியே உயர்த்த வேண்டும். 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூர் களிமேட்டில் தேர் உயர் அழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் மாண்டதை மறக்கலாகாது. கரகத்தைச் சுற்றி வீரகுமாரர் வளையம் மரபாகவே உண்டு. அதற்கு வெளியே இடைவெளி காக்கும் பொறுப்பையும் வழி பழகிய அவர்களிடமே ஒப்படைத்து, காவலர்கள் சந்து முனைகளில் நிற்பது நல்லது.

தர்காவில் கரகம் நிற்கும்போது கூட்டம் சட்டென்று இறுகும். அங்கே வரும் வழி ஒன்று, போகும் வழி வேறு என்பதைக் கோயிலாரும் தர்காவாரும் காவல்துறையும் விழாக் கொடியேற்றத்துக்கு முன்பே உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும்.