ஈரக் காடுகளில் நாற்றக் காளான்கள்

மழைக்காலத்தில் மூங்கில் புதர்களின் அருகே செல்வோர், செத்த எலி அழுகுவது போன்ற நாற்றத்தை உணர்வதுண்டு. தேடிப் பார்த்தால் சில வேளைகளில் பிணம் ஏதும் இராது. ஈக்கள் மொய்க்கும் காளான் ஒன்றே நிற்கும். இவ்வகைக் காளான்களை நாற்றக் காளான்கள் எனலாம்.

இவை முதலில் இலைமக்கில் பாதி புதைந்த முட்டை போலத் தோன்றும். முட்டையின் அடியில் வெண்ணிறக் கயிறு போன்ற பூஞ்சண இழைக்கற்றை இருக்கும். முட்டையை நெடுக்காக அறுத்தால், தோலுக்கு அடியில் பசை போன்ற படலமும், அதற்குள் கரும்பச்சை நிறக் கூழும், நடுவே சுருங்கிய தண்டும் காணப்படும். தண்டின் அறைகள் முன்னரே உருவாகி மடிந்து கிடப்பவை. ஈரம் பெற்றதும் அவை விரிகின்றன. ஆதலால் தண்டு சில மணி நேரத்திலேயே முழு உயரம் அடைகிறது.

இவற்றுள் அழகு மிக்கது வலையாடைக் காளான். இதன் தலைப்பகுதியின் கீழிருந்து வெண்ணிற வலை பாவாடை போலத் தொங்கும். 1798-ஆம் ஆண்டில் வெந்தெனா என்னும் பிரெஞ்சு அறிஞர் இதனை விவரித்தார். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வடகிழக்கு மாநிலங்களிலும் இது காணப்படுகிறது. அசெரோ ரூப்ரா என்னும் மற்றோர் இனம், சிவந்த கைகளை விரித்து நட்சத்திரம் போல நிற்கும்.

பெரும்பாலான காளான்கள் தம் சிதல்களைக் காற்றில் விடுகின்றன. நாற்றக் காளான்களோ ஈக்களையே நம்பியுள்ளன. கூழிலிருந்து எழும் கந்தகச் சேர்மங்களின் நாற்றம் ஈக்களை அழைக்கிறது. கூழை உண்ணும் ஈக்கள், கால்களில் ஒட்டிய சிதல்களையும் குடலில் சென்றவற்றையும் வேறிடங்களுக்குக் கொண்டுசெல்கின்றன.

காலையில் எழுந்த காளானின் கூழ் மாலைக்குள் தீர்ந்துவிடக்கூடும். பின்னர் வலை துவண்டு, தண்டும் சாயும். உலர்த்திய மாதிரியில் நிறமும் வடிவமும் நிலைப்பதில்லை. எனவே, குறிப்பில்லாத மாதிரியால் பயன் குறைவு. கண்ட இடத்திலேயே நேரம், உயரம், நிறம், வலையின் நீளம், கைகளின் எண்ணிக்கை, அருகிலுள்ள மரவகை ஆகியவற்றைக் களப்பணியாளர் எழுதிக்கொள்ளல் வேண்டும். அருகே வெடிக்காத முட்டை உண்டாவெனவும் தேடல் நலம்.

ஆசிரியர்கள் ஒரு முட்டையை அடிமண்ணுடன் எடுத்து, ஈரப்பாசி இட்ட அகன்ற வாய்க் கண்ணாடி ஜாடியில் வைக்கலாம். முதிர்ந்த முட்டையாயின் அது விரிவதை மாணவர் நேரில் காண்பர்.

ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. உயிரைப் போக்கும் நஞ்சுடைய அமனிட்டா காளான்களும் இளமையில் முட்டை வடிவிலேயே இருக்கும். அவற்றை அறுத்தால் பசைப் படலம் இராது. குடையும் அதன் அடியில் மடல்களும் தெரியும். சீனாவில் வலையாடைக் காளானைப் பயிரிட்டு உண்கின்றனர் என்பது உண்மையே. ஆயினும் காட்டில் கண்ட முட்டை எதனையும் சுவைத்துப் பார்க்க மாணவரை அனுமதித்தல் கூடாது.