ரேடியோவால் நடத்தும் சிறு விமானம்: புதிதாய்ச் செய்வோர் கவனிக்க வேண்டுவன

விவசாய மாதப் பத்திரிகையில் ஆகாய விமானத்துக்கு என்ன வேலை என்று நேயர்கள் சிலர் கேட்கக்கூடும். நெல்வயல்களின்மேல் மருந்து தெளிக்கும் ஆளில்லா விமானங்கள் நம் கிராமங்களுக்கும் வந்துவிட்டன. ஜப்பான் தேசத்தார் 1980-களின் பிற்பகுதியிலேயே ஆளில்லாத ஹெலிகாப்டரைக் கொண்டு இவ்வேலையைத் தொடங்கினர். இவற்றை வரப்பில் நின்று வேடிக்கை பார்த்த பிள்ளைகள், தாமும் ஒரு சிறு விமானத்தைச் செய்து ரேடியோவினால் நடத்திப் பார்க்க ஆசைப்பட்டு, தகப்பனாரிடம் கொஞ்சம் பணமும் அறுவடையான வயல் ஒன்றும் கேட்கிறார்கள். கொடுக்கலாமா என்று யோசிக்கும் மிராசுதாரர்களுக்காகவே இதை எழுதுகிறேன். கொடுக்கலாம் என்பதே என் அபிப்பிராயம். ஆயினும், இத்தொழிலில் கடையில் எதை வாங்குவது என்பதைக் காட்டிலும் வீட்டில் எதைத் தராசிலிட்டு நிறுப்பது என்பதே முக்கியமாதலால், அதைப் பற்றியே அதிகமாகச் சொல்லப்போகிறேன்.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்துக் கலாமசூ நகரைச் சேர்ந்த வால்ட்டர் குட், வில்லியம் குட் என்னும் இரட்டைச் சகோதரர்கள், 1937-ஆம் ஆண்டில் தாம் செய்த ‘கஃப்’ என்னும் சிறு விமானத்தை ரேடியோ மூலம் வானில் நடத்தினர். அதன் இறக்கை ஏறக்குறைய 8 அடி நீளம். கண்ணாடி வால்வுகளும் கனத்த பாட்டரிகளும் கொண்ட அக்காலத்து ரேடியோவைச் சுமப்பது எளிதன்று. அவ்விமானம் பிற்காலத்தில் ஸ்மித்சோனியன் பொருட்காட்சிச் சாலையைச் சேர்ந்தது. இன்று விமானத்தினுள் வைக்கும் ரேடியோ வாங்கி 15 கிராமுக்குள் அடங்கிவிடுகிறது. கருவியின் கனம் குறைந்ததே தவிர, கனத்தைப் பற்றிய கவலை இம்மியும் குறையவில்லை.

பையன் முதலில் கேட்பது யுத்த விமானத்தின் உருவமாகவே இருக்கும். அதற்கு இணங்கலாகாது. குறுகிய இறக்கையும் மிகுந்த வேகமும் உள்ள அவ்வுருவம், கை பழகாதவனுக்குத் தவறைத் திருத்த அவகாசம் தராது. உடலுக்கு மேலே இறக்கை அமைந்த எளிய உருவமே தகுதியானது. இறக்கை 120 சென்டிமீட்டர் நீளமும் 20 சென்டிமீட்டர் அகலமும், யாவும் சேர்ந்த எடை 800 கிராமுக்கு மேற்படாமலும் இருந்தால் விமானம் நிதானமாய்ப் பறக்கும். இறக்கையின் இரு முனைகளும் நடுப்பாகத்தைவிட 6 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கவேண்டும். காற்று ஒரு புறமாய்ச் சாய்த்தால், விமானம் அப்புறமே சறுக்கும்போது தாழ்ந்த இறக்கை அதிகத் தூக்குதலைப் பெற்றுத் தானே நிமிர்ந்துவிடும். இவ்வமைப்பில் இறக்கையில் அசையும் துடுப்புகள் தேவையில்லை. வாலில் கிடையாக உள்ள துடுப்பொன்று மூக்கை ஏற்றி இறக்கவும், செங்குத்தாக உள்ள துடுப்பொன்று இடமும் வலமும் திருப்பவும் போதும். வாலின் கிடைத்தகடு, துடுப்பு உட்பட, இறக்கைப் பரப்பில் கால் பங்கு இருக்கலாம்.

மேனாட்டார் இதற்கு நெடுநாளாய் பால்ஸா மரத்தை உபயோகித்து வருகின்றனர். ஈக்வடார் தேசத்தில் மிகுதியாய்ப் பயிராகும் இம்மரம் சில ஆண்டுகளிலேயே வெட்டும் பருவம் அடைவது. கன மீட்டருக்குச் சுமார் 160 கிலோகிராம் எடையுள்ளது. நம் தஞ்சாவூர்க் கைவினைஞர் கோபுர உருவங்கள் செய்யும் நெட்டி இதனினும் இலேசானதாயினும், இறக்கையில் விழும் பாரத்தைத் தாங்கும் வலிமை அதற்கில்லை. பால்ஸா கிடைக்காதவிடத்து, 5 மில்லிமீட்டர் தடிப்புள்ள நுரைப் பலகை போதுமானது. அது மலிவு, உடைந்தால் ஒட்டிக்கொள்ளலாம், முதல் விமானம் உடையத்தான் போகிறது. இறக்கையின் நெடுக்கே ஒரு நேரான மூங்கிற் சிம்பைச் சீவிப் பதித்தால் வளையாது. தெர்மாகோல் வகை நுரையை உடனே பிடிக்கும் கடும்பசையால் ஒட்டினால் பசை அதைக் கரைத்துத் துளை செய்துவிடும். தச்சர் உபயோகிக்கும் வெள்ளைப் பசையே தக்கது. உலர ஓர் இரவு ஆகும், அவசரப்படலாகாது.

மின்சாரப் பகுதிகளைப் பற்றி நீள எழுத வேண்டியதில்லை. பிரஷ் இல்லாத சிறு மோட்டார் ஒன்று, அதன் வேகத்தை அடக்கும் கருவி ஒன்று, 9 அங்குல விசிறி, துடுப்புகளை அசைக்க ஒவ்வொன்றும் 9 கிராம் எடையுள்ள இரண்டு சர்வோ மோட்டார்கள், மூன்று அறையுள்ள 2200 மில்லி ஆம்பியர்-மணி லித்தியம் பாட்டரி, 2.4 கிகா ஹெர்ட்ஸ் ரேடியோப் பெட்டி ஆகியவை வேண்டும். ரேடியோவை மாத்திரம் நல்லதாய் வாங்குக. விமானம் போனாலும் அது மிஞ்சும். அடுத்த விமானத்துக்கும் உதவும்.

இனி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நான் செய்த முதல் விமானத்துக்கு அழகு கருதி வாலில் இரண்டு முறை வர்ணம் பூசினேன். அதில் ஏறிய எடை 20 கிராம். உள்ளங்கையில் வைத்தால் தெரியாத கனம். கையிலிருந்து எறிந்தவுடன் விமானம் மூக்கை மேலே தூக்கி, ஒரு கணம் அப்படியே நின்று, வேகம் இழந்து, பின் தலைகீழாய் விழுந்தது. மூன்று வார வேலை நான்கு விநாடியில் முடிந்தது. ரேடியோவைக் குறைகூறி இரண்டு நாள் அதைக் கழற்றிப் பூட்டியதுதான் மிச்சம். அருகிலிருந்த வயது முதிர்ந்த குடியானவர் ஒருவரே, “வால் பாரம் ஐயா, ஏற்றத்தில் பின்னால் ஆள் ஏறினாற்போல் இருக்கிறது” என்று காரணத்தைக் கண்டு சொன்னார்.

அவர் சொன்ன ஏற்றக் கணக்கே சரியான கணக்கு. 20 சென்டிமீட்டர் அகலமுள்ள இறக்கையில், முன் விளிம்பிலிருந்து 5 முதல் 6 சென்டிமீட்டருக்குள் விமானத்தின் நிறைமையம் நிற்கவேண்டும். வால் அவ்விடத்துக்கு 60 சென்டிமீட்டர் பின்னால் இருக்கிறது. அங்கே ஏறிய 20 கிராமை 60-ஆல் பெருக்கினால் 1200. இதை மொத்த எடையாகிய 800-ஆல் வகுத்தால் ஒன்றரை. அதாவது நிறைமையம் ஒன்றரைச் சென்டிமீட்டர் பின்னோக்கிப் போய்விட்டது. மூக்கு 20 சென்டிமீட்டர் தூரமே முன்னால் இருப்பதால், இதைச் சரிசெய்ய அங்கே 60 கிராம் ஈயம் வைக்கவேண்டும். வாலில் ஒரு கிராம் சேர்த்தவன் மூக்கில் மூன்று கிராம் தண்டம் செலுத்துகிறான். ஆகையால் வாலை இலேசாகச் செய்க. வர்ணம் வேண்டுமானால் மூக்கில் பூசுக. பாட்டரி உட்பட எல்லாம் வைத்தபின், இறக்கையின் அடியில் குறித்த இடத்தில் இரு விரல்களால் தாங்கிப் பார்க்கவேண்டும். மூக்குச் சற்றே தாழ்ந்தால் நன்று. வால் தாழ்ந்தால் அன்று பறக்கவிடலாகாது. ஈயம் வைக்குமுன் பாட்டரியை முன்னே நகர்த்திப் பார்ப்பது சிக்கனம். மகன் இச்சோதனையைச் செய்து காட்டும்வரை தகப்பனார் வயலுக்கு அனுமதி தராதிருப்பது நலம்.

மேசைமேல் மோட்டாரைச் சோதிக்கும்போது விசிறியைக் கழற்றிவிடவேண்டும். சுழலும் விசிறி விரலைத் துண்டிக்கும். பறக்கப் புகும்போது முதலில் கையிலுள்ள ரேடியோப் பெட்டியையும் பிறகு விமானத்தின் பாட்டரியையும் இணைக்கவேண்டும். நிறுத்தும்போது விமானத்தை முதலிலும் பெட்டியைப் பின்னும். கோலை வலப்புறம் தள்ளினால், பின்னாலிருந்து பார்க்கச் செங்குத்துத் துடுப்பும் வலப்புறம் திரும்புகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்கவேண்டும். இதில் இடம் வலம் மாறி உடைந்த விமானங்கள் அநேகம்.

முதல் நாளுக்குக் காற்றடங்கிய அதிகாலையே உகந்தது. களத்தில் தூற்றிப் பழகியவருக்குக் காற்றின் திசையை அறியச் சொல்லித்தர வேண்டியதில்லை. அத்திசைக்கு எதிர்முகமாகவே எறியவும் இறக்கவும் வேண்டும். மோட்டாரை ஓட்டாமல் உயர்ந்த புல்லின்மேல் மெல்ல எறிந்து, நேராய்ச் சறுக்கி இறங்குகிறதா என்று முன்னதாகப் பார்க்க. பிறகு இரண்டு மூன்று தென்னை உயரம் ஏறும்வரை திருப்பாதிருத்தல் வேண்டும். உயரம் இருந்தால் தவறைத் திருத்த நேரம் இருக்கும். விமானம் நம்மை நோக்கி வரும்போது வலம் இடமாய்த் தோன்றுவதே புதியவர்க்குப் பெருந்தொல்லை. எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமே கோலைத் தள்ளுக, நிமிர்ந்துவிடும். கணிப்பொறியில் இதைச் சில நாள் பழகுவதும், முன்பே ஓட்டத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதும் பெரிதும் அனுகூலம். எட்டு நிமிஷத்துக்குள் இறக்கிவிடவேண்டும்.

லித்தியம் பாட்டரி தீப்பற்றக்கூடியது. அதற்குரிய சார்ஜரில், அறைகளைச் சமப்படுத்தும் முறையிலேயே மின்சாரம் ஏற்றுக. ஓர் அறைக்கு 4.2 வோல்ட்டுக்கு மேலும் 3 வோல்ட்டுக்குக் கீழும் போகலாகாது. ஏற்றும்போது மண்சட்டிக்குள் வைத்து, ஆள் அருகிலிருக்கவேண்டும். வைக்கோற்போர் உள்ள கொட்டிலில் இவ்வேலை கூடவே கூடாது. உப்பிய பாட்டரியை மறுபடி உபயோகிக்கலாகாது.

கிராம அதிகாரிகள் அறியவேண்டியது ஒன்றுண்டு. மத்திய அரசாங்கம் 2021-ஆம் ஆண்டில் வகுத்த ஆளில்லா விமான விதிகள், பொழுதுபோக்குக்கும் கல்விக்கும் கண்பார்வைக்குள் பறக்கவிடும் 25 கிலோகிராமுக்கு மேற்படாத மாதிரி விமானங்களுக்கு, அவ்வகைக்குரிய தகுதிச் சான்றிதழ் வேண்டுமென்பதிலிருந்து விலக்கு அளித்தன. ஆயினும் வான்வெளியைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என மூன்றாகப் பிரித்த வரைபடம் இவற்றையும் கட்டுப்படுத்தும். பச்சைப் பகுதியிலும் 400 அடி உயரமே எல்லை. விமான நிலையம், படைத்துறை இடம் ஆகியவற்றுக்கு அருகிலுள்ள கிராமத்தார் வரைபடத்தையும் அப்போதுள்ள விதிகளையும் பார்க்காமல் இறங்கலாகாது. திருவிழாக் கூட்டத்தின்மேலும், மேயும் மாடுகளின்மேலும், மின்சாரக் கம்பிகளுக்கு அருகிலும் பறக்கவிடுவதை ஊரார் தடுக்கவேண்டும். கம்பியில் சிக்கிய விமானத்தை மூங்கிற் கழியால் தட்டி எடுக்க முயல்வது உயிருக்கு ஆபத்து. மின்வாரியத்தாருக்குச் சொல்லியனுப்பிக் காத்திருப்பதே வழி.

கடைசியாக, விமானம் அடுத்தவர் பயிரில் விழுவது சகஜம். விழுந்த இடத்தைத் தூரத்து மரம் ஒன்றோடு நேர்கோடாகக் கண்ணால் குறித்துக்கொண்டு, அக்கோட்டிலேயே ஒருவர் மாத்திரம் போகவேண்டும். நால்வர் ஓடித் தேடினால் கதிர் வந்த பயிர் பாழாகும். வயலுக்குடையவரிடம் முன்னதாகவே சொல்லிவைத்து, மிதிபட்ட பயிருக்கு உரியதைக் கொடுத்துவிடவேண்டும்.