அலறும் கித்தாருக்கு ஒரு மெழுகுக் குளியல்

மாசாயில் ஓர் உறவினர் வீட்டுத் திருமண விருந்து. மேடையில் இளையராஜா பாடல் ஒன்று தொடங்கியது. அண்ணன் மகன் கித்தாரின் ஒலியைக் கூட்டினான். அடுத்த கணம் 'கீ...ச்' என்று ஒரு கூச்சல். மண்டபமே காதைப் பொத்திக்கொண்டது. பையன் கம்பிகளை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தான். கூச்சல் நிற்கவில்லை. கித்தாரை அணைத்து வைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கிவிட்டான்.

அது என் அண்ணனின் கித்தார். தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூரில் வேலை செய்த காலத்தில், பணம் சேர்த்துப் பழையதாக வாங்கியது. 1981இல் ஜொகூர் பாருவில் உருவான 'செர்ச்' ராக் குழுவின் பாடல்களை அதில்தான் வாசித்துப் பழகினார். இப்போது அவர் இல்லை. கித்தார் மட்டும் இருக்கிறது.

"பிக்கப் போச்சு தம்பி, ரெண்டையும் மாத்தணும்" என்றார்கள் ஒரு கடையில். சொன்ன விலையைக் கேட்டுவிட்டு வீடு திரும்பிய பையன், அதை அலமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டான். பிறகுதான் இருவரும் உட்கார்ந்து விஷயத்தைப் படித்தோம். பிக்கப் போகவில்லை. அதற்குள் சுற்றியிருந்த கம்பி தளர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

ஏன் கத்துகிறது?

மின்சாரக் கித்தாரின் கம்பிகளுக்குக் கீழே இருக்கும் பிக்கப், ஒரு காந்தமும் அதைச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருளும்தான். அந்தக் கம்பி ஏறக்குறைய நம் தலைமுடியின் பருமன். இரட்டைச் சுருள் பிக்கப்பில் ஒவ்வொரு சுருளிலும் சுமார் 5,000 சுற்றுகள் இருக்கும். மேலே உள்ள எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. சுருளில் மின்சாரம் பிறக்கிறது. 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த அதே விதி.

சுருளின் சுற்றுகளுக்கிடையே இடைவெளி விழுந்தால் சிக்கல். ஒலிபெருக்கியின் சத்தத்தில் தளர்ந்த சுற்றுகளும் அதிரத் தொடங்கும். அந்த அதிர்வும் மின்சாரமாகி, பெரிதாக்கப்பட்டு, மீண்டும் சத்தமாக வெளிவந்து சுருளை இன்னும் ஆட்டும். கோயில் திருவிழாவில் மைக்கை ஒலிபெருக்கிக்கு முன்னால் கொண்டுபோனால் வருமே ஒரு கூச்சல், அதே கதைதான்.

இது புதிய நோயல்ல. கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த புகழ்பெற்ற இரட்டைச் சுருள் பிக்கப்புகள் மெழுகில் தோய்க்கப்படாமலே வெளிவந்தவை. ஒலியைக் கூட்டிவைத்து வாசிக்கும் ராக் காலம் வந்தபோது அவற்றில் சில கத்தின. 1970களில் எட்டி வான் ஹேலன் தம் பிக்கப்பை உருகிய மெழுகில் முக்கி அந்தக் கூச்சலை அடக்கினார். இடைவெளிகளில் மெழுகு புகுந்து உறைந்தால் சுற்றுகள் அசையாது. மருந்து அவ்வளவுதான்.

முதலில் சோதனை

எல்லாக் கூச்சலும் பிக்கப்பின் குற்றமல்ல. கம்பிகளை உள்ளங்கையால் நன்றாக அழுத்துங்கள். சத்தம் நின்றால் அது கம்பிகளின் எதிரொலி. எம்பிளிஃபையரிடமிருந்து சற்றுத் தள்ளி நின்றால் போதும். அழுத்திய பிறகும் கத்தினால் பிக்கப்பைச் சந்தேகிக்கலாம். பிக்கப்புக்கு அருகில் வாயை வைத்துப் பேசிப் பாருங்கள். உங்கள் குரல் ஒலிபெருக்கியில் கேட்டால் சந்தேகமே வேண்டாம்.

'ம்ம்ம்' என்ற தாழ்ந்த இரைச்சல் வேறு. அது வீட்டு மின்சாரத்திலிருந்து வருவது. மெழுகு அதைத் தீர்க்காது. பிக்கப்பைத் தாங்கும் திருகுகளும் சுருள்வில்களும் தளர்ந்திருந்தாலும், உலோக மூடி ஆடினாலும்கூடக் கத்தும். அவற்றை முதலில் இறுக்கிப் பாருங்கள். செலவில்லாத வைத்தியத்தை முதலில் செய்வதுதானே நம் வழக்கம்!

மெழுகுக் குளியல்

தேவையானவை: பாரஃபின் மெழுகு 4 பங்கு, தேன்மெழுகு 1 பங்கு, ஒரு பழைய மைலோ டின், தண்ணீர் ஊற்றிய சட்டி, வெப்பமானி, பற்றவைக்கும் கருவி, மல்டிமீட்டர். மெழுகுவர்த்தி செய்வோருக்கான கைவினைப் பொருள் கடைகளில் மெழுகு கிடைக்கும். பாத்திக் துணிக்கென்று பிசின் கலந்து விற்பது வேண்டாம்.

கித்தாரின் இணைப்பைக் கழற்றிவிட்டு, எந்த ஒயர் எங்கே போகிறது என்று கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் மூன்று படம் எடுத்தோம், மூன்றும் தேவைப்பட்டன. ஒயர்களைச் சூடாக்கிப் பிரித்து, பிக்கப்பை வெளியே எடுத்து, மல்டிமீட்டரில் அதன் மின்தடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பல பிக்கப்புகளில் அது 5 முதல் 9 கிலோ ஓம் வரை இருக்கும். அளவே காட்டாவிட்டால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது, மெழுகு உதவாது.

மெழுகு டின்னைத் தண்ணீர்ச் சட்டிக்குள் வைத்து மின்அடுப்பில் சூடாக்குங்கள். மெழுகின் வெப்பம் 60 முதல் 65 பாகைக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் பிக்கப்பின் பிளாஸ்டிக் சட்டம் வளைந்துவிடலாம். டின்னின் அடியில் ஒரு மரத்துண்டைப் போட்டு, பிக்கப் அடியைத் தொடாதபடி அதன் ஒயரால் தொங்கவிடுங்கள். சிறு குமிழிகள் எழும். உள்ளே இருந்த காற்று வெளியேறுகிறது என்று பொருள். 15, 20 நிமிடத்தில் குமிழிகள் நின்றதும் எடுத்து, வெளியே ஒட்டியதைத் துணியால் துடைத்து, முழுவதும் ஆறவிடுங்கள். உலோக மூடி உள்ளதற்கு இன்னும் சற்று நேரம் வேண்டும். மீண்டும் மின்தடையை அளந்து, பழைய அளவே வந்தால் பொருத்தலாம்.

இவற்றைச் செய்யாதீர்கள்

மெழுகை நேரடித் தீயில் வைக்காதீர்கள். தப்பித்தவறித் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்து மூடியால் மூடுங்கள். சிறுவர்களைத் தனியாக விடாதீர்கள். எம்பிளிஃபையரைத் திறக்காதீர்கள், வால்வு வகையில் இணைப்பைப் பிடுங்கிய பிறகும் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கும். மிகப் பழைய, விலைமதிப்புள்ள பிக்கப் என்றால் நீங்கள் கைவைக்காமல், அனுபவமுள்ளவரிடம் கொடுங்கள்.

எங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பிடித்தது. முதல் பிக்கப்பைப் பொருத்தும்போது ஒயரை மாற்றிப் பற்றவைத்துவிட்டு, மறுபடி பிரித்தோம். மாலையில் ஒலியை மெல்ல மெல்லக் கூட்டினான் பையன். அன்று மண்டபத்தில் கத்திய அளவையும் தாண்டியாயிற்று. கூச்சல் இல்லை. அடுக்களையிலிருந்து அண்ணி எட்டிப் பார்த்தார். "சத்தத்தைக் குறைடா" என்று சொல்லத்தான் வந்திருப்பார். ஒன்றும் சொல்லாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

உங்கள் வீட்டு அலமாரிக்குப் பின்னாலும் ஒரு கித்தார் இருக்கலாம். தூக்கிப் போடுவதற்கு முன், அதன் பிக்கப்போடு ஒரு முறை பேசிப் பாருங்கள்.