அண்மைப் படமும் தொலைமானிக் கருவியும்

ஈப்போவை அடுத்த ஜெலாப்பாங் வட்டாரத்தில் முன்னாளில் பால்மரங்கள் நின்ற இடங்களில் இன்று குடியிருப்புகளும் நெடுஞ்சாலையும் உள்ளன. தோட்டங்கள் மறைந்தன, தோட்டத்து மக்களின் தாள்கள் தகரப் பெட்டிகளில் எஞ்சியிருக்கின்றன. ரஜூலா கப்பலில் வந்த பாட்டனாரின் பயணச் சீட்டு, ஊரிலிருந்து வந்த கடிதம், பள்ளிப் பதிவேடு ஆகியவை கறையானுக்கும் ஈரத்துக்கும் இரையாகுமுன் படியெடுத்து வைப்பது நம் கடமையன்றோ? பழைய தொலைமானிப் படக்கருவியைக் கொண்டே இதனைச் செய்யலாம். ஆனால் அக்கருவியின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும்.

தொலைமானி என்பது இரு சாளரங்கள் வழியே ஒரே பொருளை நோக்கும் அமைப்பு. இரு உருவங்களும் ஒன்றாக இணையும்போது தொலைவு சரியாக அமைகிறது. 1954-இல் வெளிவந்த லைக்கா எம்3 இவ்வகையில் புகழ்பெற்றது. எனினும் இத்தகைய கருவிகள் பல, ஒரு மீட்டருக்கு அண்மையில் உள்ள பொருளைத் தெளிவாகப் பதியமாட்டா. 50 மி.மீ. வில்லை அத்தொலைவில் ஏறத்தாழ 43 செ.மீ. அகலமும் 65 செ.மீ. நீளமும் உள்ள பரப்பைக் காண்கிறது. அதில் ஓர் அஞ்சலட்டை இருபதில் ஒரு பங்குகூட ஆகாது. எழுத்தைப் படிப்பது எங்ஙனம்?

இன்னொரு தடையும் உண்டு. கட்டைவிரலை முகத்தருகே நிறுத்தி இரு கண்களையும் மாறி மாறி மூடிப் பாருங்கள். விரல் இடம் பெயர்வதாகத் தோன்றும். இதுவே இடமாறு தோற்றம். நாம் பார்ப்பது சாளரத்தின் வழி. படம் பதிவதோ வில்லையின் வழி. எட்ட உள்ள மலைக்கு இவ்வேறுபாடு பொருட்டன்று. அருகிலுள்ள கடிதத்திலோ முதல் வரியே வெட்டுண்டுவிடும்.

இவ்விரு குறைகளையும் நீக்கத் துணைக்கருவிகள் தோன்றின. 1956-இல் வந்த இரட்டை எல்லை சம்மிக்ரான் வில்லை, கண்ணாடி போன்றதோர் இணைப்புடன் 48 செ.மீ. வரை நெருங்கும். நான்கு கால் தாங்கியில் கால்களே தொலைவையும் படத்தின் எல்லையையும் வரையறுத்துவிடும்.

இவை கிட்டாதவர்களுக்கு எளிய வழி, 2 டயாப்டர் அண்மை வில்லை. கருவியின் வில்லையை முடிவிலிக்குத் திருப்பி, அண்மை வில்லையை முன்னே பொருத்தினால் சரியாக 50 செ.மீ. தொலைவில் தெளிவு கிட்டும். 24 செ.மீ.க்கு 36 செ.மீ. பரப்பு அடங்கும், சாதாரண முழுத்தாளுக்கு அது போதும். இங்குத் தொலைமானியை நம்பலாகாது. கருவியைக் கீழ்நோக்கி அசையாமல் நிறுத்தி, அண்மை வில்லையின் நடுவிலிருந்து 50 செ.மீ. தூக்குநூலைத் தொங்கவிடுக. குண்டின் நுனி தாளின் நடுவைத் தொட்டால் தொலைவும் இடமும் ஒருங்கே சரியாகும். பிறகு நூலை அகற்றிவிட்டுப் படமெடுக்கலாம்.

வில்லைத் துளையை 8 அல்லது 11-க்குச் சுருக்குக. மடிந்த தாளும் தெளிவாகப் பதியும். இரு விளக்குகளை இருபுறமும் 45 பாகைச் சாய்வில் வைக்க. தாளின்மேல் ஒரு பென்சிலை நட்டு நிறுத்தினால் இரு நிழல்களும் ஒத்த கருமையுடன் விழ வேண்டும்.

இன்று கைப்பேசியும் நொடியில் படமெடுக்கிறது. ஆயினும் செம்மையாகக் கழுவி, ஈரமின்றிக் காக்கப்பட்ட கறுப்பு வெள்ளைச் சுருளைப் பல தலைமுறைக்குப் பின்னும் வெளிச்சத்தில் பிடித்துப் படிக்கலாம். ஆசிரியர்கள் மாணவரிடம், வீட்டுப் பெட்டியில் உள்ளதொரு பழந்தாளைக் கொண்டுவரச் சொல்லட்டும். ஒரு பெட்டிக்கு ஒரு தாள் காத்தாலும், ஒரு குடும்பத்தின் வரலாறு அழியாது நிற்கும்.