கால்வாய்க்கு மேற்கே

விடுமுறை நாட்களில் புதுவைக்கு வருவோர் பலர். அவர்கள் கடற்கரைச் சாலையில் உலாவுகின்றனர். செஞ்சியிலிருந்து கொணர்ந்த கற்றூண்கள் சூழ நிற்கும் காந்தியடிகள் சிலையைக் காண்கின்றனர். பிரெஞ்சுப் பெயர் தாங்கிய வீதிகளில் படம் எடுத்துக்கொண்டு ஊர் திரும்புகின்றனர். அவர்கள் கண்டது பாதிப் புதுவையே என்று நான் சொல்வேன்.

நகரின் நடுவே வடக்குத் தெற்காக ஒரு கால்வாய் செல்கிறது. அதற்குக் கிழக்கே பிரெஞ்சுக்காரரும் மேற்கே தமிழரும் வாழ்ந்தனர். 1761-இல் ஆங்கிலேயர் புதுவையைப் பிடித்து இடித்துத் தரைமட்டமாக்கினர். 1765-இல் திரும்பி வந்த பிரெஞ்சுக்காரர், பழைய வீதிகளின் போக்கிலேயே நகரை மீண்டும் எழுப்பினர். சதுரங்கப் பலகையின் கட்டங்களைப் போல வீதிகள் இன்றும் நேராகச் செல்வது அதனால்தான்.

இருபுறத்து வீடுகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கிழக்கே உயர்ந்த மதிலும் பெரிய வாயிற்கதவும் வீட்டை மறைக்கின்றன. தோட்டமும் தாழ்வாரமும் உள்ளே இருக்கின்றன. மேற்கேயோ தாழ்வாரம் தெருப்பக்கமே அமைந்திருக்கிறது. வழிப்போக்கன் வெயிலுக்கு ஒதுங்கலாம். திண்ணையில் சற்று அமரலாம். முன்னது தன் வாழ்வைத் தனக்கென வைத்துக்கொண்ட வீடு. பின்னது தன் நிழலில் ஒரு பகுதியைத் தெருவுக்கு அளித்த வீடு.

எனினும் இவ்விரு மரபுகளும் ஒன்றையொன்று அறியாமல் இருந்துவிடவில்லை. ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையை இதற்குச் சான்றாகக் கூறலாம். துய்ப்ளேக்குத் துபாஷியாக விளங்கி, 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய பெருமகனார் அவர். அவருடைய இல்லத்தின் கீழ்த்தளத்தில் தமிழர் முறைப்படி மரத்தூண்கள் நிற்கின்றன. மேல்தளத்தில் ஐரோப்பியப் பாணியில் வெண்தூண்கள் நிற்கின்றன. மேற்குப் பகுதியின் மாடி வீடுகள் பலவற்றில் இக்கலப்பை நாம் காணலாம். ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியும் இப்பகுதியிலேதான் இருக்கிறது. 1908 முதல் 1918 வரை புதுவையில் தங்கியிருந்த பாரதியார் வாழ்ந்த இல்லம் ஒன்று அங்கே நினைவகமாகத் திகழ்கிறது.

இவற்றையெல்லாம் இப்போதே பார்க்க வேண்டும் என்று வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 2014 நவம்பர் மழையில் கடற்கரையிலிருந்த பழைய மேரி கட்டடம், அதாவது நகரமன்றம், இடிந்து விழுந்தது. அரசுக் கட்டடமாதலால் அது பழைய உருவிலேயே திரும்பவும் எழுந்தது. மேற்கு வீதிகளின் வீடுகளோ தனிக் குடும்பங்களின் உடைமை. தேக்குத் தூணையும் நாட்டு ஓட்டையும் காப்பதற்குப் பொருட்செலவு மிகுதி. பாகப்பிரிவினை நேர்ந்தால், இடித்துவிட்டுக் கடை கட்டுவது எளிது. வைசியாள் வீதியில் சில வீடுகள் செப்பம் செய்யப்பட்டு, முற்காலத் தெருவின் தோற்றத்தைக் காட்டுகின்றன. எல்லா வீதிகளுக்கும் அந்தப் பேறு கிட்டவில்லை.

ஆகையால், புதுவைக்கு வரும்போது ஒரு காலைப்பொழுதை மேற்கு வீதிகளுக்கென ஒதுக்குங்கள். வெயில் ஏறுமுன் நடந்து செல்லுங்கள். திண்ணையில் பெரியவர் எவரேனும் இருந்தால் வணங்கி, அவர் இசைந்தால் முற்றத்தைப் பார்த்து வாருங்கள். தம் வீட்டை நாடி வருவோர் உண்டு என்று அறிந்தவர், அதனை இடிக்குமுன் ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பார்ப்பார்.